தங்கை பாட எந்த மைக்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்:

"வணக்கம் அண்ணே. நாங்கள் இருப்பது தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில். தாத்தா காலத்தில் ரப்பர், இப்போது சுற்றிலும் செம்பனை. என் தங்கைக்குப் பதினேழு வயது. கோயிலில் தேவாரம் பாடுவாள். நல்ல குரல் என்று ஊரே சொல்லும். நான் உறுமி மேளக் குழுவில் இருக்கிறேன், சொந்தமாகப் பாட்டு எழுதி உரக்கப் பாடுவேன். வீட்டுப் பின்னறையில் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறோம். இரண்டு மைக்கைக் கணினியோடு இணைக்கும் இண்டர்ஃபேஸ் பெட்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மைக்கின் சத்தத்தை அது பெருக்கும் அளவு, அதாவது கேய்ன், அதிகபட்சம் 56 டெசிபல். நண்பனிடம் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 இரவல் வாங்கித் தங்கையைப் பாடவைத்தேன். காற்றாடி, மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுச் சேவல் எல்லாம் கேட்கிறது. அவள் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. கைப்பேசியில் எடுத்ததே மேல். ஏடி2020 மாதிரிக் கண்டென்சர் மைக் நம் வீடுகளுக்கு ஒத்துவராது, டைனமிக் மைக்கான ஷூர் எஸ்எம்7பி வாங்கு என்கிறான் நண்பன். தவணையில் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். கோயிலுக்கு மைக் செட் போடும் அண்ணன் எஸ்எம்58 இரவல் தருவதாகச் சொல்கிறார். ரோட் என்டி1 பற்றியும் கேள்விப்பட்டேன். கையில் ஆயிரம் வெள்ளி இருக்கிறது. எதை வாங்குவது? மைக்கில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று என இரண்டு பதிவுகளை இணைத்திருக்கிறேன்."

தம்பி, தவணைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய பதிவுகளை ஹெட்ஃபோனில் நாலைந்து முறை கேட்டேன். தங்கையின் குரல் உண்மையிலேயே நல்ல குரல். மேலே போகும்போது கத்தாமல், இறுகாமல் போகிறது. அந்தக் குரல் சரியாகப் பதிவாகவில்லையே என்று எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது முறை கேட்டபோது ஒன்று உறுத்தியது. சேவல் கூவுவது பளிச்சென்று கேட்கிறது. காற்றாடியின் விசிறல்கூடத் தெளிவாக இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று பாடுகிறவளின் 'ச' மட்டும் மழுங்கிக் கிடக்கிறது. தூரத்துச் சத்தம் கூர்மையாகவும் பக்கத்துக் குரல் மந்தமாகவும் ஒரே பதிவில் இருந்தால், மைக்கின் முகம் அறையைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் தங்கை மைக்கின் முதுகுக்குப் பாடியிருக்கிறாள்.

இது பலருக்கும் நடப்பதுதான். கோயில் மைக்கில் பாடிப் பழகியவர்களுக்கு மைக் என்றால் அதன் உச்சந்தலையில் பாட வேண்டும். எஸ்எம்58 அப்படிப்பட்டதுதான், குமிழின் நுனிதான் அதன் முகம். ஏடி2020, என்டி1 போன்ற பெரிய கண்டென்சர்களுக்கு முகம் பக்கவாட்டில் இருக்கும். மைக்கை நேராக நிறுத்தி, கம்பி வலையின் ஒரு பக்கத்தைப் பார்த்துப் பாட வேண்டும். எந்தப் பக்கம்? பெரும்பாலும் பெயரோ சின்னமோ பொறித்த பக்கம். ரோட் மைக்குகளில் ஒரு தங்கநிறப் புள்ளி வைத்திருப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பேசியபடியே மைக்கை மெதுவாகத் திருப்புங்கள். குரல் பக்கத்தில் வந்து தெளிவாகும் இடம்தான் முகம். நண்பனிடம் மைக்கைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள். உங்கள் கேள்வியில் பாதி அதிலேயே தீர்ந்துபோகும்.

மீதிப் பாதிக்கு வருவோம். கண்டென்சர் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) அறைச் சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் மைக் (எஸ்எம்58 போல மின்சாரம் வேண்டாத வகை) குரலை மட்டும் எடுக்கும் என்று உங்கள் நண்பன் சொன்னதை நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தப்பு என்று ஒரே அடியாகச் சொல்லமாட்டேன். அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. கண்டென்சரிலிருந்து வரும் மின்னழுத்தம் பெரியது. ஒரே அளவு சத்தத்துக்கு ஏடி2020 ஏறத்தாழ 14 மில்லிவோல்ட் தந்தால், எஸ்எம்7பி தருவது 1.1 மில்லிவோல்ட்தான். வித்தியாசம் 22 டெசிபல். கேய்ன் குமிழை மாற்றாமல் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட்டால், டைனமிக்கில் சேவல் காணாமல் போகும். ஆனால் குரலும் கூடவே காணாமல் போயிருக்கும். குரல் அதே அளவுக்கு வரும்வரை கேய்னைத் திருகினால் சேவலும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்து, குரல் அளவைச் சமப்படுத்திக் கேட்டால், முன்பக்கம் மட்டும் கேட்கும் வகை மைக்குகளில் குரலுக்கும் அறைக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்டென்சர் மேல்சுருதிச் சத்தங்களை இன்னும் கொஞ்சம் எடுக்கும், அதனால் சிள்வண்டும் காற்றாடியும் சற்றுத் தூக்கலாகத் தெரியும். உண்மையான பெரிய வித்தியாசம் நாம் நிற்கும் இடத்தில் இருக்கிறது. எஸ்எம்58ஐ உதட்டோடு ஒட்டிப் பிடிக்கிறோம். கண்டென்சரைப் பார்த்தால் ஏதோ சாமி சிலை போல இரண்டடி தள்ளி நிற்கிறோம்.

அந்த இரண்டடிதான் உங்கள் கிணறு. கணக்கு எளிது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலியும் வெளிச்சத்தமும் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் அப்படியே இருக்கும். 60 சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு வந்தால் குரல் அறையைவிட 12 டெசிபல் முன்னால் வந்துவிடும். இந்த 12 டெசிபலை விலை கூடிய எந்த மைக்கும் தராது. ஒரு சாணைவிடக் கொஞ்சம் குறைவாக நிற்கச் சொல்லுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இப்போதும் வலிக்கும். வேலைக்கு வந்த புதிதில், ஒரு தோட்டத்து லயத்தில் வயதான பாட்டி ஒருவர் பாடும் தாலாட்டுகளைப் பதிவு செய்யப் போனேன். பால்மரம் சீவப் போன காலத்துப் பாட்டுகள். மைக்கை முகத்துக்கு நேரே நீட்டினால் கூச்சப்படுவார் என்று ஒரு மீட்டர் தள்ளி வைத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் சமையற்கட்டின் எதிரொலி, தகரக் கூரை காய்ந்து முறுகும் சத்தம், நடுவில் எங்கோ பாட்டி. மறுபடி போவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. சொற்கள் பாதிக்குமேல் புரியாது. ஆகவே பக்கத்தில் போகச் சொல்வதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் போனால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, கீழ்ச்சுருதி தடிக்கும். முன்பக்கம் மட்டும் கேட்கும் எல்லா மைக்குக்கும் இந்தக் குணம் உண்டு. நெருங்க நெருங்கக் குரலில் கனம் ஏறும். தங்கையின் குரலுக்கு இது கொஞ்சம் நன்மையே செய்யும், உங்கள் குரலுக்குக் கூடிப்போகலாம். ஏடி2020லும் என்டி1லும் கீழ்ச்சுருதி வெட்டும் பொத்தான் இல்லை. கணினியில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிக்கொள்ளுங்கள். லோரி போகும் உறுமலில் பெரும்பகுதியும் அதோடு போய்விடும்.

இன்னொன்று, காற்று அடிப்பது. இதில் நம் மொழி நமக்கு உதவுகிறது. தமிழில் 'பழம்' என்று சொல்லும்போது உள்ளங்கையை உதட்டின்முன் வைத்துப் பாருங்கள், காற்று அதிகம் அடிக்காது. இங்கிலீஷ் 'பேப்பர்' என்பதை அவர்கள் மாதிரிச் சொல்லிப் பாருங்கள், கையில் படும். அதனால் இங்கிலீஷில் பாடுகிறவர்களுக்குச் சொல்லப்படும் தூரத்தைவிட நாம் சற்று நெருங்கி நிற்கலாம். ஆனால் நீங்கள் உரக்கப் பாடும்போது, அதுவும் இங்கிலீஷ் வார்த்தை கலக்கும்போது, கட்டாயம் அடிக்கும். அந்தக் காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். அதை மைக்கிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, அதிலிருந்து இன்னொரு நாலு விரல் தள்ளி நின்று பாடுங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்துக்கு ஏற்றி, முகத்தை வாய்ப்பக்கம் லேசாகச் சாய்த்தால் காற்று அடியில் போய்விடும்.

நமக்குப் 'ப'வைவிடத் தொல்லை 'ச'தான். சரவணன், சண்முகன், சிவன் என்று பக்திப்பாட்டில் அடிக்கு ஒரு சகரம் வரும். பெண்குரலில் அது கூர்மையாகக் கிளம்பும். கண்டென்சர் வாங்கும்போது நீங்கள் காதைத் தீட்டிக் கேட்க வேண்டியது இதைத்தான்.

சரி, அறை. பின்னறை என்றால் பெரும்பாலும் பத்துக்குப் பத்து இருக்கும், நான்கு பக்கமும் சிமெண்டுச் சுவர், கீழே டைல்ஸ். கையைத் தட்டினால் டர்ரென்று ஓர் அதிர்வு கேட்கும், எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தைப் பந்தடிக்கின்றன. இதற்காக ஒரு அங்குல ஸ்பாஞ்சு ஓடு வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டாதீர்கள். அது மேல்சுருதியை மட்டும் உறிஞ்சும், மீதிக் குரல் இன்னும் பெட்டிக்குள் பாடுவது போல ஆகிவிடும். முட்டை அட்டை சுத்தமாக வேலைக்கு ஆகாது. மைக்குக்குப் பின்னால் வளைத்து வைக்கும் ஸ்பாஞ்சுத் தடுப்பு ஒன்று விற்கிறார்கள், பலரும் முதலில் வாங்குவது அதைத்தான். யோசித்துப் பாருங்கள், மைக் மிகக் குறைவாகக் கேட்பது அதன் முதுகுப் பக்கம். அது உற்றுக் கேட்பது முன்பக்கத்தை, அதாவது பாடுகிறவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். மெத்தையைத் தொங்கவிட வேண்டியது தங்கையின் முதுகுக்குப் பின்னால்.

வீட்டில் தோத்தோ மெத்தை எத்தனை இருக்கிறது? உறவுக்காரர்கள் வந்தால் விரிப்பதற்கென்று எல்லா வீட்டிலும் நாலு இருக்கும். இரண்டைச் சேர்த்து மடித்துத் துணிக்கொடியில் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், அந்தக் காற்றிடைவெளி இருந்தால் கொஞ்சம் கீழ்ச்சுருதியும் அடங்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வந்தால் இன்னும் நல்லது. கீழே பழைய கம்பளம். துணி நிறைந்த அலமாரி இருந்தால் கதவைத் திறந்து அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடலாம். பிறகு மறுபடி கையைத் தட்டிப் பாருங்கள்.

இதில் எதுவும் வெளிச்சத்தத்தை நிறுத்தாது. மெத்தை அறைக்குள் இருக்கும் எதிரொலியைத்தான் குடிக்கும். சேவலையும் மோட்டாரையும் தடுக்கக் கனமான சுவர் வேண்டும், அது நம்மால் ஆகாது. நேரம் பார்த்துப் பாடுவதுதான் வழி. ஒரு நாள் முழுக்க, இரண்டு மணிக்கு ஒரு முறை, யாரும் பாடாமல் ஒரு நிமிடம் அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். இரவு பத்துக்குச் சிள்வண்டும் தவளையும், விடியலில் சூரா தொழுகையிடத்தின் பாங்கும் பறவைகளும், மாலையில் மழை தகரத்தில். மதிய உணவுக்குப் பிறகு ஊர் கொஞ்சம் அடங்குகிறதா, வார நாளா ஞாயிறா என்று உங்கள் தெருவுக்கு உங்களுக்கே ஒரு கணக்குக் கிடைக்கும். சமையலறையோ சாலையோ எந்தப் பக்கம் தொல்லையோ, அந்தப் பக்கம் மைக்கின் முதுகைத் திருப்புங்கள். காற்றாடியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். வியர்க்கும். ஒரு சரணம் பாடிவிட்டுக் காற்றாடியைப் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த சரணம் பாடட்டும். குழந்தையை அவசரப்படுத்தாதீர்கள்.

இப்போது மைக்குகள்.

எஸ்எம்58 1966லிருந்து மேடையில் இருக்கிறது. கீழே விழுந்தாலும் பாடும், ஈரத்துக்கும் அஞ்சாது. 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை எடுக்கும். அதற்கு மேலே உள்ள மூச்சும் மினுமினுப்பும் அதில் குறைவு. நடுச்சுருதியில் ஒரு தூக்கல் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் திருவிழாக் கூட்டத்திலும் சொல் புரிகிறது. உங்கள் குரலுக்கு இது அருமையாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். உரக்கப் பாடுகிறவர்களின் முரட்டுத்தனத்தை அது கொஞ்சம் வழித்துவிடும். தங்கைக்கு? தேவாரத்தில் அவள் குரலை இறக்கி, கிட்டத்தட்ட முணுமுணுப்பாக முடிக்கும் இடங்கள் உண்டல்லவா, அங்கே உங்கள் இண்டர்ஃபேஸின் கேய்னைக் கடைசிவரை திருக வேண்டியிருக்கும். இந்த மைக்குக்குப் போலிகள் ஏராளம். இரவல் வாங்குவதில் பயமில்லை. பின்னால் இணையத்தில் பாதி விலைக்குக் கண்டால் வாங்காதீர்கள். அசல் 298 கிராம் எடை இருக்கும். பெயர் பெற்ற கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

எஸ்எம்7பி நல்ல மைக். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் மூதாதையான எஸ்எம்7ல்தான் 1982ல் மைக்கேல் ஜாக்சன் பாடினார். ஆனால் அந்த மைக்குக்குப் பின்னால் பெரிய ஸ்டூடியோவும், மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் உயர்ந்த ப்ரீஆம்பும் இருந்தன. ஷூர் நிறுவனமே அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கேய்ன் வேண்டும் என்கிறது. உங்களிடம் இருப்பது 56. நீங்கள் ஒட்டி நின்று கத்தினால் போதும். தங்கை மெதுவாகப் பாடினால் போதாது, இரைச்சல் ஏறும். அதைச் சரிசெய்ய 25 டெசிபல் கூட்டித்தரும் சின்னப் பெட்டி ஒன்றை வழியில் மாட்ட வேண்டும், அதற்குத் தனியாகப் பணம். எஸ்எம்58 விலையைப் போல மூன்று நான்கு மடங்கு கொடுத்து, மேலே பெட்டியும் வாங்கி, மாதாமாதம் தவணை கட்டி, கடைசியில் மூக்கு முட்ட நெருங்கி நின்று பாடினால் உங்கள் அறையில் என்ன கிடைக்குமோ, அதில் பெரும்பகுதி இரவல் எஸ்எம்58ல் கிடைத்துவிடும். இது உங்கள் பணம், வீட்டின் பணம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஏடி2020க்கும் எஸ்எம்58க்கும் விலையில் பெரிய தூரமில்லை. கண்டென்சர் என்பதால் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது பேண்டம் பவர், வேண்டும், உங்கள் இண்டர்ஃபேஸில் பொத்தான் இருக்கும். 144 டெசிபல் வரை தாங்கும், உங்கள் கத்தலெல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை. மூச்சு, சங்கதி, சொல்லின் ஓரம் எல்லாம் எடுக்கும். என் காதுக்கு அதன் மேல்சுருதி கொஞ்சம் கெட்டி, 'ச' கூர்மையான குரலில் அது குத்தலாம்.

என்டி1 அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. விளம்பரத்தில் இதன் அமைதியைப் பெரிதாகச் சொல்வார்கள். ஐந்தாம் தலைமுறை என்டி1ன் சுய இரைச்சல், அதாவது மைக் தானே கிளப்பும் இரைச்சல், 4 டெசிபல், ஏடி2020க்கு 20. எண்ணாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் சிள்வண்டு கத்தும் உங்கள் பின்னறை எந்த நேரத்திலும் 20 டெசிபலுக்கு இறங்கப் போவதில்லை. அறையின் சத்தம் மைக்கின் சத்தத்தை மூடிவிடும். அதனால் அந்த எண்ணுக்காக என்டி1 வாங்காதீர்கள். வாங்குவதென்றால் அதன் மேல்சுருதி சாந்தமாக இருப்பதற்காக வாங்குங்கள், அது தேவாரத்துக்கு நன்றாக உட்காரும். இன்னொன்றும் பாருங்கள். பெட்டிக்குள்ளேயே அதிர்வு தாங்கும் பிடியும் பாப் ஃபில்டரும் வருகின்றன. ஏடி2020க்கு பாப் ஃபில்டரைத் தனியாக வாங்க வேண்டும். விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

நான் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பி வாங்க வேண்டியதில்லை. உங்களிடம் இரண்டு இரவல் மைக்கும் இரண்டு வழி இண்டர்ஃபேஸும் இருக்கிறதே, இதைவிட நல்ல வசதி வேறென்ன? ஒப்பிடுவதைச் சரியாகச் செய்யுங்கள். ஏடி2020ஐயும் எஸ்எம்58ஐயும் ஒன்றின் தலைக்கு மேலே ஒன்றாக, இரண்டின் முகமும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். 48 வோல்ட்டைப் போட்டால் இரண்டு வழிக்கும் சேர்ந்தே போகலாம். ஒழுங்கான எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று முனை மைக் கேபிள்) என்றால் எஸ்எம்58க்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒரே பாட்டு, ஒரே தடவை, இரண்டு மைக்கிலும் ஒன்றாகப் பதிவாகட்டும். தனித்தனியாகப் பாடினால் நீங்கள் ஒப்பிடுவது தங்கையின் இரண்டு மனநிலைகளை. மென்பொருளில் 24 பிட் என்ற தரத்தில் எடுங்கள். மீட்டரில் உச்சம் கழித்தல் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கட்டும். சிவப்பைத் தொடவே வேண்டாம்.

பதிவு செய்தபின் முக்கியமான வேலை, இரண்டின் சத்தத்தையும் சமமாக்குவது. முதலில் ஒரு 'ஸா'வை நீட்டிப் பாடச் சொல்லி, அந்த இடத்தில் இரண்டு மீட்டரும் ஒரே அளவு காட்டும்வரை சரிசெய்யுங்கள். ஒன்று அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். மைக் ஒப்பீடுகளில் பெரும்பாலான ஏமாற்றம் இந்த ஓர் இடத்தில் நடக்கிறது. தேவாரத்தோடு இப்படி ஒரு வரியையும் வெறுமனே சொல்லச் சொல்லுங்கள்: "பக்கத்து வீட்டுப் பாட்டி பச்சரிசிப் பொங்கல் வைக்க, சாயங்காலச் சூரியன் சிவந்து சாய்ந்தது." முதல் பாதியில் காற்று அடிக்கிறதா என்று தெரியும், இரண்டாம் பாதியில் சகரம் குத்துகிறதா என்று தெரியும்.

அப்புறம் கோப்புகளுக்கு அ, ஆ என்று மட்டும் பெயர் வைத்து, எது எது என்று சொல்லாமல் அம்மாவிடம் போட்டுக் காட்டுங்கள். அம்மாவின் காதைக் குறைத்து எண்ணாதீர்கள். அந்தக் குரலைப் பதினேழு வருடமாகக் கேட்கிறவர், எது தன் மகளின் குரல் என்று அவருக்குத் தெரியும். தனியாகக் கேட்டால் மட்டும் போதாது, சுருதிப்பெட்டியோடும் தாளத்தோடும் சேர்த்துக் கேளுங்கள். முதல் அரை நிமிடம் பளபளப்பான மைக்தான் ஜெயிக்கும். முழுப் பாட்டையும் மூன்று முறை கேட்டபின் எது காதை உறுத்துகிறது என்று பாருங்கள். கைப்பேசி ஒலிபெருக்கியிலும் போட்டுப் பாருங்கள், ஊரில் எல்லோரும் கேட்கப்போவது அதில்தான். கைப்பேசியில் எடுத்ததே மேல் என்றீர்களே, அது பின்னணியைத் தானே அடக்கி, குரலைத் தானே ஏற்றி இறக்கித் தருகிறது. முணுமுணுப்பும் உச்சமும் ஒரே அளவாகிவிடும். உங்கள் இரண்டாவது பதிவில் அவள் இறக்கிப் பாடிய இடமெல்லாம் அப்படித்தான் தட்டையாகிக் கிடக்கிறது.

என் கணிப்பைச் சொல்லச் சொன்னால், ஒரே மைக்தான் வாங்க முடியும் என்றால் தங்கைக்கு ஏற்றதாக வாங்குங்கள். உரத்த குரலை எந்த மைக்கும் தாங்கும். மெல்லிய குரலுக்குத்தான் பார்த்து வாங்க வேண்டும். முகத்தைச் சரியாகத் திருப்பி, நெருங்கி நின்று, மெத்தை தொங்கவிட்டபின் ஏடி2020ல் அவள் 'ச' குத்தவில்லை என்றால் அதையே வாங்குங்கள். மிச்சப் பணத்தில் கனமான அடியுள்ள ஸ்டாண்டு, பாப் ஃபில்டர், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் வாங்கலாம், மீதியை அவள் பெயரில் போட்டு வையுங்கள். குத்துகிறது என்றால் ஸ்டாண்டையும் ஹெட்ஃபோனையும் இரவல் பார்த்துக்கொண்டு என்டி1க்குச் சேருங்கள், அவசரமில்லை. நீங்கள் பாடுவதற்கு அந்த அண்ணனிடம் எஸ்எம்58ஐ வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கண்டென்சர் வாங்கினால் நம் ஊர் ஈரத்தை மறக்காதீர்கள். அதன் உள்ளே மெல்லிய சவ்வு இருக்கிறது. ஈரம் ஏறினால் எண்ணெயில் கடுகு போட்டது போலப் படபடவென்று வெடிக்கும், நாளாக நாளாகப் பூஞ்சையும் பிடிக்கும். பாடி முடித்ததும் அரை மணி நேரம் அப்படியே உலரவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது உலர்த்த வேண்டும் என்று அதுவே காட்டும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த மைக்கை உடனே போடாதீர்கள், கண்ணாடி வியர்ப்பது போல உள்ளே வியர்த்திருக்கும்.

இரண்டு மைக்கிலும் ஒன்றாக எடுத்த பதிவு தயாரானதும் அளவைச் சமப்படுத்தி, அ, ஆ என்று மட்டும் பெயர் போட்டு எனக்கும் அனுப்புங்கள். எது எந்த மைக் என்று எழுத வேண்டாம். அம்மா எதைச் சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள்.